நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு!

மாதத்தின் 20-ம் தேதி ஏதாவது ஒரு ஆடிட்டர் ஆபீஸுக்குள் போய்ப் பாருங்கள். மாதாந்திர ஜி.எஸ்.டி.ஆர்-3பி வரிப் படிவம் தாக்கல் செய்ய அன்றுதான் கடைசி நாள். யு.எஸ்.பி. டோக்கனைச் செருகியாயிற்று, பின் நம்பரும் போட்டாயிற்று. டிஜிட்டல் கையெழுத்து விழ வேண்டிய இடத்தில் வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "நேத்து சாயங்காலம்கூட நாலு கிளையன்டுக்குப் போட்டேன் சார், நல்லாத்தான் இருந்துச்சு" என்கிறான் ஜூனியர் பையன். காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் பிரவுசர் தானாக அப்டேட் ஆகியிருக்கிறது. அது யாரையும் கேட்கவில்லை.

அடுத்து என்ன நடக்கும் என்பது எல்லா ஆபீஸிலும் எழுதிவைத்த மாதிரி ஒன்றுதான். கன்ட்ரோல் பேனல், அன்இன்ஸ்டால், மறுபடி டவுன்லோடு, இன்ஸ்டால். அரை மணி நேரம் போச்சு. திறந்து பார்த்தால் அதே வட்டம், அதே சுற்றல்.

பிரவுசர் மக்கர் செய்தால் ஊரெல்லாம் கொடுக்கும் முதல் வைத்தியம் இது. கடைசி வைத்தியமாகக்கூட இது பெரும்பாலும் தேவைப்படாது. அப்டேட்டுக்குப் பிறகு வரும் கோளாறு புதிய புரோகிராமுக்குள் மட்டுமே ஒளிந்திருப்பது அபூர்வம். புதிய புரோகிராமும், பல வருடங்களாக நாம் சேர்த்துவைத்த பழைய சரக்கும் உரசும் இடத்தில்தான் அது உட்கார்ந்திருக்கும். அன்இன்ஸ்டால் செய்தால் அந்தப் பழைய சரக்கு அசையாது.

நாம் பிரவுசர் என்று ஒரே பெயரில் கூப்பிடுவது உண்மையில் இரண்டு. ஒன்று புரோகிராம். விண்டோஸில் அது 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டரில் இருக்கும். அப்டேட் மாற்றுவது இதைத்தான். இன்னொன்று புரொஃபைல். அது உங்கள் யூசர் பெயருக்குக் கீழே 'ஆப்டேட்டா' என்று கண்ணில் படாமல் மறைந்திருக்கும் ஃபோல்டருக்குள் கிடக்கிறது. வீட்டுக்குப் புதுக் கதவு போட்டாலும் உள்ளே இருப்பது தாத்தா காலத்து பீரோதான்.

ஃபயர்ஃபாக்ஸ் புரொஃபைலைத் திறந்து பார்ப்பது சுவாரசியமான வேலை. 'பிளேசஸ்' என்ற ஒரு ஃபைல் இருக்கும். புக்மார்க்குகளும் நீங்கள் போய்வந்த பக்கங்களின் வரலாறும் மொத்தமாக அதற்குள்தான். பாஸ்வேர்டுகள் 'லாகின்ஸ்' என்ற ஃபைலில். ஆனால் அதற்குச் சாவி 'கீ4' என்ற வேறொரு ஃபைல். பேக்கப் எடுக்கும்போது ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எடுத்தவர்களுக்கு அருமை தெரியும்; சாவி இல்லாத பூட்டு திறக்கவே திறக்காது. 'பிரெஃப்ஸ்' என்ற ஃபைலில் நீங்கள் என்றோ மாற்றி மறந்துபோன செட்டிங்குகள் எல்லாம் வரிவரியாக இருக்கும். யாரோ ஒருவர் யூடியூபில் "இதை மாத்துங்க, நெட் ஸ்பீடு டபுள் ஆகும்" என்று சொன்னதைக் கேட்டு 2016-ல் மாற்றிய செட்டிங்கும் அங்கேயே உயிரோடு இருக்கும். ஒவ்வொரு அப்டேட்டும் இவற்றையெல்லாம் படித்துத்தான் புதிய பிரவுசரைத் திறக்கிறது.

குரோமிலும் கதை அதேதான், ஃபோல்டர் பெயர்கள்தான் வேறு. ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்லிவிட வேண்டும். குரோமை அன்இன்ஸ்டால் செய்யும்போது 'பிரவுசிங் டேட்டாவையும் அழித்துவிடவா?' என்று ஒரு சின்னக் கட்டம் வரும். பதற்றத்தில் அதில் டிக் அடித்துவிட்டால், கூகுள் கணக்கில் சிங்க் செய்து வைக்காதவர்களின் புக்மார்க், பாஸ்வேர்டு எல்லாம் அந்த நிமிடத்தோடு சரி. வட்டம் சுற்றிய பிரச்சினை சின்னது, இது பெரியது.

சரி, கோளாறு கதவிலா, பீரோவிலா என்று கண்டுபிடிப்பது எப்படி? புதிதாக ஒரு காலிப் புரொஃபைல் போட்டுப் பார்ப்பதுதான் வழி. ஃபயர்ஃபாக்ஸில் உதவி மெனுவில் 'மோர் டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' என்ற பக்கத்தைத் திறந்தால், அதிலேயே புரொஃபைல்கள் பட்டியலுக்கு ஒரு இணைப்பு இருக்கும். குரோமிலும் எட்ஜிலும் ஜன்னலின் மேல்பகுதியில் இருக்கும் உங்கள் படத்தைத் தட்டி, புதிய புரொஃபைல் சேர்க்கலாம். பழையதை அழிக்க வேண்டியதில்லை, அது பாட்டுக்கு அங்கேயே இருக்கும். சில நிமிட வேலை.

'இன்காக்னிட்டோவில் திறந்து பார்த்துட்டேனே' என்பார்கள். அது பாதிச் சோதனைதான். இன்காக்னிட்டோவில் எக்ஸ்டென்ஷன்கள் பொதுவாக ஓடாது, பழைய குக்கீகளும் இருக்காது. ஆனால் செட்டிங்குகள் எல்லாம் அதே பழைய புரொஃபைலிலிருந்துதான் வருகின்றன. 2016 யூடியூப் வைத்தியம் அங்கேயும் கூடவே வரும்.

புதிய புரொஃபைலில் அதே தளம் ஒழுங்காகத் திறந்துவிட்டால், கோளாறு உங்கள் பழைய சரக்கில். முதல் சந்தேகம் எக்ஸ்டென்ஷன்கள் மேல். ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பவர்கள் அநியாயத்துக்கு நேரத்தை வீணாக்குகிறார்கள். பதினாறு இருந்தால் எட்டை நிறுத்துங்கள். கோளாறு போனால் குற்றவாளி அந்த எட்டுக்குள். போகாவிட்டால் மிச்ச எட்டுக்குள். அதில் நாலு, பிறகு இரண்டு, பிறகு ஒன்று. நாலே சோதனையில் ஆள் அகப்பட்டுவிடுவார். எக்ஸ்டென்ஷன்கள் பிரவுசரோடு சேராமல் தனியாகவும் அப்டேட் ஆகும் என்பதை நினைவில் வையுங்கள். பிரவுசர் மேல் விழும் பழியில் ஒரு பங்கு அன்றைக்கே அப்டேட் ஆன எக்ஸ்டென்ஷனுக்குப் போக வேண்டியது.

ஆனால் நிறுத்துவது வேறு, நீக்குவது வேறு. இதற்கு உலக அளவில் ஒரு பாடம் நடந்தது. 2019 மே 4, சனிக்கிழமை. நமக்கு விடிகாலை நேரத்தில் உலகம் முழுக்க ஃபயர்ஃபாக்ஸ் பயனர்களின் எக்ஸ்டென்ஷன்கள் ஒட்டுமொத்தமாகச் செயலிழந்தன. எக்ஸ்டென்ஷன்கள் நம்பகமானவை என்று முத்திரை குத்தப் பயன்படும் ஒரு இடைநிலைச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது, ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லாவில் யாரும் அதைப் புதுப்பிக்கவில்லை. டோர் பிரவுசரும் ஃபயர்ஃபாக்ஸை அடிப்படையாகக் கொண்டது என்பதால், அதைப் பயன்படுத்துகிறவர்களுக்குக் கவசமாக இருந்த நோஸ்கிரிப்ட் எக்ஸ்டென்ஷனும் சேர்ந்தே படுத்துவிட்டது. பன்னிரண்டு மணி நேரத்துக்குள் மொசில்லா தற்காலிகத் தீர்வை அனுப்பத் தொடங்கியது. அதற்குள் பலர் எக்ஸ்டென்ஷன்களை நீக்கிவிட்டு மறுபடி போட முயன்றார்கள். நீக்கும்போது அந்த எக்ஸ்டென்ஷன் சேமித்து வைத்திருந்த தகவலும் சேர்ந்து போய்விடும் என்பதால், "தயவுசெய்து நீக்காதீர்கள்" என்று மொசில்லாவே சொல்ல வேண்டியதாயிற்று. சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்கு எல்லாம் தானாகத் திரும்பி வந்தது. கை துறுதுறுத்தவர்கள்தான் இழந்தார்கள்.

அதே மாதம் இன்னொரு கூத்து. ஃபயர்ஃபாக்ஸ் 67 வந்தது. ஒரே கணினியில் இரண்டு ஃபயர்ஃபாக்ஸ் வைத்திருந்தால், உதாரணமாகச் சாதாரணப் பதிப்பு ஒன்று, பீட்டா ஒன்று, இரண்டுக்கும் தனித்தனிப் புரொஃபைல் என்று அதில் மாற்றினார்கள். நல்ல யோசனைதான். ஆனால் திறந்து பார்த்த சிலருக்குப் புக்மார்க் இல்லை, பாஸ்வேர்டு இல்லை, மொட்டைப் பிரவுசர். எதுவும் அழியவில்லை, பழைய புரொஃபைல் அதே ஃபோல்டரில் பத்திரமாக இருந்தது, புதிய பிரவுசர் வேறு காலிப் புரொஃபைலைத் திறந்து வைத்திருந்தது, அவ்வளவுதான். புரொஃபைல் பட்டியலுக்குப் போய்ப் பழையதை 'டிஃபால்ட்' என்று வைத்தால் தீர்ந்தது. "பழைய வெர்ஷனையே போட்டுக்கிறேன்" என்று இறங்கியவர்களுக்கு இன்னொரு அடி. புதிய பதிப்பு ஒருமுறை தொட்ட புரொஃபைலைப் பழைய பதிப்பு திறக்கக் கூடாது என்ற தடையும் அதே 67-ல்தான் வந்தது. தகவல் ஃபைல்களின் அமைப்பு மாறியிருக்கும், பழையது அதைச் சிதைத்துவிடும் என்பதால். எரிச்சலாக இருந்தாலும் அந்தத் தடை நியாயமானதே.

ஃபயர்ஃபாக்ஸில் 'ரீஃப்ரெஷ்' என்று ஒரு பொத்தான் உண்டு. புக்மார்க், வரலாறு, பாஸ்வேர்டு, குக்கீகளை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் கழித்துவிட்டுப் புதிய புரொஃபைல் கட்டித்தரும்; பழையதை டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டராகவும் போட்டு வைக்கும். வீட்டுக் கணினிக்கு இது அருமையான மருந்து. ஆடிட்டர் ஆபீஸ்காரர்கள் மட்டும் யோசித்துத் தட்ட வேண்டும். கழித்துவிடும் பட்டியலில் நீங்கள் சேர்த்த சான்றிதழ்களும், டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்காக 'செக்யூரிட்டி டிவைசஸ்' பகுதியில் ஏற்றிய அமைப்பும் அடக்கம். 20-ம் தேதி மதியம் செய்கிற வேலையல்ல இது.

புதிய புரொஃபைலிலும் கோளாறு அப்படியே இருக்கிறதா? அப்படியானால் உங்கள் சரக்குமேல் குற்றமில்லை. ஆராய்ச்சி வெளியே போக வேண்டும்.

வெளியே நிற்கும் ஆட்களில் நான் முதலில் சந்தேகப்படுவது ஆன்டிவைரஸை. பூட்டுப் போட்ட இணைப்புகளுக்குள் புகுந்து பார்ப்பதற்காக, பல ஆன்டிவைரஸ்கள் தளத்தின் சான்றிதழுக்குப் பதில் தங்கள் சான்றிதழை பிரவுசரிடம் நீட்டும். 2019 ஜனவரி கடைசியில் ஃபயர்ஃபாக்ஸ் 65 வந்தபோது, அவாஸ்ட், ஏ.வி.ஜி. வைத்திருந்த விண்டோஸ் கணினிகளில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'சான்றிதழ் கொடுத்தவர் யாரென்று தெரியவில்லை' என்ற எச்சரிக்கை வந்து நின்றது. மொசில்லா விண்டோஸுக்கான அப்டேட்டையே நிறுத்திவைத்தது. அவாஸ்ட் தரப்பு ஃபயர்ஃபாக்ஸுக்கு மட்டும் அந்த ஸ்கேனிங்கை அணைத்த பிறகுதான் சரியானது. உங்களுக்கு இப்படி நேர்ந்தால் கண்டுபிடிக்கச் சுலப வழி உண்டு: எச்சரிக்கைப் பக்கத்தில் சான்றிதழின் விவரத்தைத் திறந்து, அதை வழங்கியவர் பெயரைப் படியுங்கள். வங்கித் தளத்தின் சான்றிதழில் ஆன்டிவைரஸ் கம்பெனியின் பெயர் இருந்தால் விஷயம் விளங்கிவிடும். ஆட்டமேட்டிக்காக 'பரவாயில்லை, உள்ளே போ' என்று தட்டிப் பழகிவிட வேண்டாம். அடுத்த முறை அந்த இடத்தில் நிற்பது உண்மையான திருடனாக இருக்கலாம்.

ஜன்னல் கறுப்பாக இருக்கிறது, எழுத்துகள் கலைந்து தெரிகின்றன, வீடியோ பச்சையாக ஓடுகிறது என்றால் கிராஃபிக்ஸ் கார்டின் டிரைவர். ஃபயர்ஃபாக்ஸின் 'டிரபிள்ஷூட் மோட்' எக்ஸ்டென்ஷன்களோடு சேர்த்து ஹார்டுவேர் ஆக்சிலரேஷனையும் அணைக்கும். அதனால், அந்த மோடில் சரியாகி, எக்ஸ்டென்ஷன்களை மட்டும் நிறுத்தியபோது சரியாகவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம். குரோமில் 'சிஸ்டம்' பகுதியில் இதே சுவிட்ச் இருக்கிறது. அணைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள், டிரைவரை அப்டேட் செய்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு வீடியோவுக்கும் பிராசஸர் மூச்சுவாங்கும்.

சில நாட்களில் தப்பு முழுக்க அவர்கள் பக்கம். அப்போது நாம் செய்யக்கூடிய ஒரே காரியம் பொறுமை. 2022 ஜனவரி 11-ல் ஃபயர்ஃபாக்ஸ் 96 வந்தது. 13-ம் தேதி உலகம் முழுக்க ஃபயர்ஃபாக்ஸ் உறைந்துபோனது, எந்தப் பக்கமும் திறக்கவில்லை. இரண்டு நாளுக்கு முன்புதான் அப்டேட் வந்திருக்கிறது. வேறு யார்மேல் சந்தேகம் போகும்? ஆனால் தீப்பொறி விழுந்தது வேறு இடத்தில். மொசில்லா தன் புள்ளிவிவரச் சேவைகளை கூகுள் கிளவுடில் வைத்திருந்தது. அங்கே ஹெச்.டி.டி.பி-3 என்ற புதிய நெறிமுறையை முன்னறிவிப்பில்லாமல் இயல்பாகவே இயங்கும்படி மாற்றினார்கள். ஃபயர்ஃபாக்ஸ் அனுப்பும் புள்ளிவிவரச் செய்தியின் தலைப்பு வரி ஒன்று முழுக்கச் சின்ன எழுத்தில் போனது, ஹெச்.டி.டி.பி-3-ஐக் கையாளும் பகுதியோ அதைப் பெரிய எழுத்தில் தேடியது. கிடைக்கவில்லை. தேடித் தேடி முடிவில்லாத வட்டத்தில் மாட்டிக்கொண்டது. பிரவுசரின் நெட்வொர்க் வேலைகள் எல்லாம் ஒரே இழையில் ஓடுவதால், ஒரு புள்ளிவிவரச் செய்தி சிக்கியதும் மொத்தமும் நின்றது. கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். புள்ளிவிவரம் அனுப்புவதை ஏற்கெனவே அணைத்து வைத்திருந்தவர்களுக்கு எதுவும் ஆகவில்லை என்பது இதில் வேடிக்கை. அந்தப் பிழை கோடுக்குள் முன்பே தூங்கிக்கொண்டிருந்தது, எழுப்பியதுதான் வெளியிலிருந்து.

குரோமுக்கும் இப்படி ஒரு நாள் உண்டு. 2019 நவம்பரில், சிட்ரிக்ஸ் போன்ற டெர்மினல் சர்வர்களில் வேலை பார்க்கும் ஆபீஸ்களில் குரோம் திடீரென்று வெள்ளைத் தாளாகிவிட்டது. அன்றைக்கு எந்த அப்டேட்டும் இறங்கவில்லை, வெர்ஷன் நம்பரும் மாறவில்லை. ஏற்கெனவே உள்ளே இருந்த ஒரு வசதியை கூகுள் தன் பக்கத்திலிருந்து சுவிட்ச் போட்டு இயக்கியிருந்தது. வேறொரு ஜன்னல் மறைத்திருக்கும்போது பின்னாலிருக்கும் பக்கத்தைத் தூங்கவைத்துக் கணினியின் சக்தியை மிச்சப்படுத்தும் வசதி அது. டெர்மினல் சர்வரில் கண்முன் இருக்கும் ஜன்னலையே மறைந்திருப்பதாக எண்ணித் தூங்கவைத்துவிட்டது. பீட்டாவில் ஐந்து மாதம், பிறகு ஒரு சதவீதப் பயனர்களிடம் ஒரு மாதம் சோதித்தும் யாரும் புகார் சொல்லவில்லை என்றது கூகுள். பெரிய ஆபீஸ்கள் பீட்டா ஓட்டுவதில்லை, பிறகு புகார் எங்கிருந்து வரும்? வெர்ஷன் நம்பர் மாறாமலும் பிரவுசர் மாறும் என்பதைப் பல ஐ.டி. நிர்வாகிகள் அன்றுதான் தெரிந்துகொண்டார்கள். 2021 மார்ச்சில் ஆண்ட்ராய்டு போன்களில் ஜிமெயில் உட்பட ஏகப்பட்ட ஆப்கள் திறந்ததும் மூடிக்கொண்டது இன்னும் பலருக்கு ஞாபகம் இருக்கும். ஆப்களின் வயிற்றுக்குள் இருக்கும் 'வெப்வியூ' என்ற குட்டி பிரவுசர்தான் அங்கே காரணம். பிளே ஸ்டோரில் அதையும் குரோமையும் அப்டேட் செய்ததும் சரியானது.

இத்தனைக்கும் அப்பால், கோளாறே அல்லாத கோளாறு ஒரு வகை உண்டு. தெரிந்தே, அறிவித்துவிட்டு, பிரவுசர் ஒரு வசதியைக் கைவிடுகிறது. 2015 செப்டம்பரில் குரோம் 45 பழைய பிளகின் முறையை அடியோடு எடுத்தது. டெண்டர் தளங்களில் ஜாவா ஆப்லெட் வழியே டிஜிட்டல் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த கான்ட்ராக்டர்கள் அன்று முதல் வேறு பிரவுசர் தேடி அலைந்தார்கள். இன்று கையெழுத்துக்கென்று தனியாக ஒரு சின்ன மென்பொருள் உங்கள் கணினியிலேயே ஓடி, பிரவுசரோடு பேசிக்கொள்வது அதன் விளைவுதான். அந்த மென்பொருளின் உள்ளூர்ச் சான்றிதழை நம்பலாம் என்று நாம் முன்பு கொடுத்திருந்த அனுமதி பிரவுசரின் நினைவிலிருந்து போய்விட்டால், வட்டம் சுற்ற ஆரம்பித்துவிடும். அந்த உள்ளூர் முகவரியை ஒரு டேபில் திறந்து அனுமதியை மறுபடி கொடுத்தால் கையெழுத்து விழும். ஃபிளாஷ் 2021 ஜனவரி 12 முதல் ஓடாமல் நின்றபோது, தென்னாப்பிரிக்க வரித் துறை தன் பழைய படிவங்களுக்காகவே ஒரு தனி பிரவுசர் வெளியிட்ட கதையும் உண்டு. தளத்தைத் திருத்துவதைவிட பிரவுசர் செய்வது சுலபம் என்று ஒரு அரசாங்கம் நினைத்தது! இம்மாதிரி விஷயங்களில் உங்கள் கணினியை எவ்வளவு குடைந்தாலும் பலன் இல்லை. பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரரைக் கேட்கும் தளமானால் எட்ஜின் 'ஐ.இ. மோட்' இருக்கிறது. மற்றபடி தளம் நடத்துகிறவரிடம்தான் கேட்க வேண்டும்.

தளங்கள் செய்யும் கோமாளித்தனம் தனி. ஓபரா 10 வந்தபோது, வெர்ஷன் நம்பரின் முதல் இலக்கத்தை மட்டும் படித்த தளங்கள் அதை ஓபரா 1 என்று நினைத்துக் கதவைச் சாத்தின. வேறு வழியில்லாமல் ஓபரா தன்னை 9.80 என்று சொல்லிக்கொள்ளத் தொடங்கியது. 2022-ல் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 100-ஐத் தொட்டபோது இரண்டு கம்பெனிகளும் மாதக்கணக்கில் இதைப் பற்றித்தான் கவலைப்பட்டன.

"இந்த வம்பே வேண்டாம், அப்டேட்டை நிறுத்திடறேன்" என்ற முடிவுக்கு வருகிறவர்கள் நிறையப் பேர். எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை. 2023 செப்டம்பரில் வெப்பி வகைப் படங்களைப் படிக்கும் நூலகத்தில் ஒரு ஓட்டை வெளிவந்தது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டும் அவசர அவசரமாகத் திருத்தின. தீய நோக்கில் தயாரித்த ஒரு படம் திரையில் வந்தாலே போதும் என்ற அளவுக்கு ஆபத்து. திருத்தம் வருவதற்கு முன்பே அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். குரோம் 109-தான் விண்டோஸ் 7-க்குக் கடைசி. அது வந்தது 2023 ஜனவரியில். இன்னமும் அதை வைத்துக்கொண்டு நெட் பேங்கிங் செய்கிறவர்களை நினைத்தால் பகீரென்கிறது. மாதாமாதம் வரும் மாற்றங்கள் வேலையைக் கெடுக்கின்றன என்றால், ஃபயர்ஃபாக்ஸின் ஈ.எஸ்.ஆர். பதிப்புக்கு மாறிக்கொள்ளலாம். பெரிய மாற்றம் சுமார் வருடத்துக்கு ஒருமுறைதான், இடையில் வருவது பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும். ஆடிட்டர் ஆபீஸ், இ-சேவை மையம் போன்ற இடங்களில் இதை வைத்துக்கொண்டு, பக்கத்தில் இன்னொரு பிரவுசரையும் தயாராக வைத்திருந்தால் 20-ம் தேதி ரத்த அழுத்தம் ஏறாது.

எல்லாம் செய்தும் தீரவில்லையா? புகார் எழுதுங்கள். "வேலை செய்யலை" என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் செய்ய முடியாது. வெர்ஷன் நம்பர், விண்டோஸ் எது, புதிய புரொஃபைலில் வருகிறதா இல்லையா, எச்சரிக்கையில் இருந்த பிழைக் குறியீடு எழுத்துக்கு எழுத்து, எஃப்12 தட்டினால் 'கன்சோல்' பகுதியில் வரும் சிவப்பு வரிகள், இவ்வளவும் போதும். கொஞ்சம் பொறுமையும் ஆர்வமும் உள்ளவர்களுக்கு 'மொஸ்ரெக்ரெஷன்' என்று ஒரு இலவசக் கருவியை மொசில்லா கொடுக்கிறது. நன்றாக ஓடிய தேதி ஒன்று, கெட்டுப்போன தேதி ஒன்று, இரண்டையும் சொன்னால், நடுவில் உள்ள ஒரு நாளின் ஃபயர்ஃபாக்ஸை இறக்கித் திறந்து காட்டும். "இது சரியா, தப்பா?" என்று கேட்கும். எக்ஸ்டென்ஷனுக்குச் செய்த அதே பாதிப் பாதி வேலைதான். முடிவில் எந்த மாற்றத்தில் கெட்டுப்போனது என்பதையே காட்டிவிடும். அதை ஒட்டி மொசில்லாவின் பிழைப் பதிவேடான பக்ஸில்லாவில் பதிவு செய்தால், அந்தக் கோடை எழுதிய ஆளையே நேராகக் கூப்பிட்டுக் கேட்க முடியும்.